பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கும் பக்கற்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலையில் ஆரம்பப் பாடசாலையோ முன்பள்ளியோ உள்ள எந்தத் தெருவிலும் ஒரு சிறுகடையின் முன்னால் நின்று பாருங்கள். அரிசி, பருப்பு, மா, சவர்க்காரம் எல்லாம் உள்ளே மேல்தட்டில் இருக்கும். சோளச் சுருள், கிறீம் பிஸ்கட், ஜெலி, ரொபி, சாயத் தண்ணீர் போன்ற குளிர்பானம் எல்லாம் வாசல் நிலையில் சரம் சரமாகத் தொங்கும். சரத்தின் கீழ்நுனி நிலத்திலிருந்து மூன்று, மூன்றரை அடியில் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறக்குறைய 109 சென்ரிமீற்றர். கண்மட்டம் ஒரு மீற்றர் அளவில். இந்த உயரப் பொருத்தம் தற்செயலானதல்ல. சரத்தையும் கொளுக்கியையும் கொண்டுவந்து கொடுப்பது பொருளை விநியோகிக்கும் தரப்புத்தான். கடைப் பெயர்ப்பலகையை இலவசமாக எழுதித் தருவதும், குளிர்சாதனப் பெட்டியை "எங்கள் பொருளை மட்டும் வையுங்கள்" என்ற நிபந்தனையோடு இறக்கிவைப்பதும் அவர்களே. உவர்மலையிலும் இதுதான், கிண்ணியாவிலும் இதுதான், மூதூர் இறங்குதுறைப் பக்கத்திலும் இதுதான்.

இதை எழுதுகின்ற நாங்கள் சிறுவர் ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள். "பிள்ளைகள் பக்கற் சாமான் சாப்பிடக் கூடாது" என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வதற்காக இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. அந்தப் புத்திமதி கருத்தரங்கு கருத்தரங்காகச் சொல்லப்பட்டு வருகிறது. பலனையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் கேள்வி விற்பவரைப் பற்றியது. வாங்கும் வயது வராதவரிடம், வாங்கித் தருபவரைத் தாண்டிச் சென்று விற்பது எந்த வகை வியாபாரம்?

பெரியவர் ஒருவர் விளம்பரத்தைப் பார்க்கும்போது "இவன் தன் பொருளை விற்கப் பார்க்கிறான்" என்று தெரிந்துதான் பார்க்கிறார். ஏமாந்தாலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஏமாறுகிறார். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு கார்ட்டூன் எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்பதே பிடிபடாது. ஏழு, எட்டு வயதாகும் வரை, இதைச் சொல்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்பது விளங்காது, சொன்னதெல்லாம் உண்மை என்றே தோன்றும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு ஒன்று இது பற்றிய ஆய்வுகளை 2004இல் தொகுத்துப் பார்த்துவிட்டு, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நோக்கிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் அதற்கும் முன்பே, 1980இல், 13 வயதுக்குக் குறைந்தவர்களை நோக்கிய வணிக விளம்பரத்துக்குத் தடை போட்டுவிட்டது.

பக்கற்றில் இருக்கும் படம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்கிறோம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயது வரையான 40 பிள்ளைகளுக்கு ஒரே பிஸ்கட்டை, ஒரே பழ ஜெலியை, ஒரே கரட்டை இரண்டு பொதிகளில் கொடுத்தார்கள். ஒன்றில் கார்ட்டூன் பாத்திரம், மற்றதில் ஒன்றுமில்லை. பிஸ்கட்டிலும் ஜெலியிலும் படம் போட்டதுதான் ருசி கூட என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். கரட்டில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. முடிவுகள் 2010இல் வெளிவந்தன. பொய் சொல்லும் வயதல்ல அது; நாக்குக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டிருக்கிறது. தாய் "உள்ளே இருப்பது ஒன்றுதான் மகன்" என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த நாக்கோடு வாதாட முடியாது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்வதால்தான் இதை நேர்மையீனம் என்கிறோம்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்த விடயம் பேசப்படும்போது குண்டான பிள்ளையின் படம்தான் வரும். இங்கே பிரச்சினை மெலிந்த பிள்ளையிலும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15.1 சதவீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர்களைக் கேட்டால் நிறைவளைகோடு கீழே சரியும் அட்டைகளைப் பற்றிச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சோறு உண்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் 20 கிராம் சோளச் சுருளும் இனிப்புப் பானமும் உள்ளே போனால் என்ன நடக்கும்? வயிறு சிறியது. சீனியும் எண்ணெயும் அதை நிரப்பிவிடும். மீனும் பருப்பும் கீரையும் தட்டிலேயே கிடக்கும். "பிள்ளைக்குப் பசியே இல்லை" என்று தாய் கவலைப்படுவாள். அடுத்த விளம்பரம் அந்தக் கவலையைக் குறிவைத்து வரும்: வளர்ச்சிக்கு, உயரத்துக்கு, மூளைக்கு, எலும்புக்கு.

இப்படி விளம்பரப்படுத்தி விற்கப்படும், கரைத்துக் குடிக்கும் பான மா வகைகளின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு இரண்டு குவித்த தேக்கரண்டி, ஏறக்குறைய 20 கிராம். 100 கிராமில் சேர்த்த சீனி 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் கோப்பையில் 6 கிராம். அதற்கு மேல் வீட்டில் இரண்டு தேக்கரண்டிச் சீனி போடுகிறார்கள், இன்னும் 8 கிராம். காலையும் மாலையும் குடித்தால் 28 கிராம். ஐந்து வயதுப் பிள்ளையின் நாள் தேவை 1400 கலோரி அளவு. சேர்த்த சீனி அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் விதித்த எல்லை. அது 35 கிராம். இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது 17.5 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. ஆக "ஆரோக்கியப் பானம்" இரண்டு கோப்பையே நாளின் ஒதுக்கீட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. விட்டமின் சேர்க்கப்பட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் விட்டமின் பெயர்களைப் பெரிதாகவும் சீனியைப் பொடியெழுத்திலும் அச்சிடுவது ஒருவகை மறைப்பு. இந்தியாவில் 2024 ஏப்ரலில் வர்த்தக அமைச்சு இணையக் கடைகளிடம் இத்தகைய பானங்களை "ஆரோக்கியப் பானம்" என்ற பிரிவில் வைக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு, பெயர்களே மாறத் தொடங்கின. பொருள் மாறவில்லை.

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. 2016 முதல் குளிர்பானங்களுக்கு நிறவட்டம் கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் அது வந்தது: 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் என்றால் அந்தந்த வட்டம் சிவப்பு. நல்ல ஏற்பாடு. தென்னாசியாவில் முன்னுக்கு நின்ற ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். 2018ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் குளிர்பானச் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் என்று வரியும் போட்டது. பிறகு அது தளர்த்தப்பட்டது.

ஆனால் வட்டத்தைச் சுற்றிப் போகும் வழிகளை விற்பவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். 100 மில்லிலீற்றரில் 10.5 கிராம் சீனி என்றால் மஞ்சள்தான். பிள்ளை குடிப்பது 100 மில்லிலீற்றரை அல்ல, 200 மில்லிலீற்றர்ப் பொதியை. அதில் 21 கிராம், ஐந்து தேக்கரண்டி. மஞ்சள் வட்டத்தைப் பார்த்து "பரவாயில்லை" என்று நினைத்துத்தான் தாயும் வாங்கிக் கொடுக்கிறாள். இன்னொரு வழி, சீனியைக் குறைத்துவிட்டுச் செயற்கை இனிப்பூட்டியைப் போடுவது. வட்டம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ இறங்கிவிடும்; நாக்கு அதே இனிப்புக்குப் பழகியே நிற்கும். உடல் நிறையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. சோளச் சுருளில் வேறு விதம். சீனி குறைவு, ஆகவே ஒரு பச்சை வட்டம். அதன் பக்கத்தில் கொழுப்புக்கும் உப்புக்கும் இரண்டு சிவப்பு. சரமாகத் தொங்கும்போது வட்டம் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், கார்ட்டூன் இருக்கும் பக்கம் தெருவைப் பார்த்திருக்கும்.

பக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்க விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள். சேர்மானப் பட்டியல் நிறை வரிசையில் எழுதப்படுகிறது. முதலில் வருவதுதான் அதிகம் உள்ளது. சீனி முதலிடத்தில் வரக் கூடாது என்பதற்காக அதையே மூன்றாகப் பிரித்து சீனி, குளுக்கோஸ் சிரப், மோல்ட் சாறு என்று எழுதினால் மூன்றும் கீழே இறங்கிவிடும், மா மேலே ஏறிவிடும். டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ், பழச்சாற்றுச் செறிவு, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சீனியே. "ஒரு பரிமாறலுக்கு" என்ற நிரலை விட்டுவிட்டு "100 கிராமுக்கு" என்ற நிரலை மட்டும் பாருங்கள். பரிமாறல் அளவைத் தீர்மானிப்பது தயாரிப்பவர், இரண்டு பிஸ்கட்டைக்கூட ஒரு பரிமாறல் என்று எழுதிவிடலாம். பக்கற்றில் உப்பு என்று இல்லாமல் சோடியம் என்று இருந்தால் 2.5ஆல் பெருக்க வேண்டும். ஒரு நூடில்ஸ் பக்கற்றில் சோடியம் 1000 மில்லிகிராம் என்றால் உப்பு 2.5 கிராம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஐக்கிய இராச்சியத்தின் அளவு. நூடில்ஸின் உப்பில் பெரும்பகுதி அந்தச் சிறிய சுவைத்தூள் பொட்டலத்தில்தான் இருக்கிறது, பாதியைப் போட்டால் பெரும்பாலும் பாதி உப்பு. இந்த விபரங்களைத் தமிழில் தேடினால் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், சிலவேளை பொறுமையும் வேண்டும். எழுத்துப் பிழை மலிந்த தமிழைப் பற்றி வேறொரு கடிதம் எழுதலாம்.

இதோடு ஒரு தவறான பயத்தையும் ஒதுக்கிவிடலாம். "கெமிக்கல் போட்டிருக்கிறான்", "பிளாஸ்ரிக் கலந்திருக்கிறான்" என்று கைத்தொலைபேசியில் சுற்றும் காணொளிகள் கவனத்தைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகின்றன. இங்கே கேடு செய்வது எல்லோருக்கும் பெயர் தெரிந்த மூன்று சாமான்கள்: சீனி, உப்பு, எண்ணெய். நம்முடைய தொதலிலும் பயற்றம் பணியாரத்திலும் அவை இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. ஆனால் பயற்றம் பணியாரம் வருடத்தில் சில நாள் வரும். அதற்கு ஸ்ரிக்கர் இல்லை, பத்து உறை சேர்த்தால் பந்து இல்லை, பாட்டும் இல்லை.

இனி பாடசாலைக்கு வருவோம், எங்கள் முதன்மையான முறைப்பாடு அங்கேதான். உள்ளே சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அது தவறிப்போகும் இடம் கேள்விப்பத்திரம், அதாவது ரெண்டர். கூடிய தொகை எழுதியவருக்குச் சிற்றுண்டிச்சாலையைக் கொடுத்தால், அவர் அந்தத் தொகையை அவித்த கடலையில் எடுக்க முடியாது. விரைவாக விற்கும், கெட்டுப்போகாத, இலாபம் நிச்சயமான பக்கற்றுக்குத்தான் போவார். அதிபர் சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டுவார். பக்கற் மேசைக்குக் கீழிருந்து வரும். வாடகையைக் குறைத்து, விற்க வேண்டிய பொருள்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதை மீறினால் ஒப்பந்தம் முடியும் என்று சேர்த்தால் ஒழிய இது திருந்தாது.

சிற்றுண்டிச்சாலையைவிடப் பெரிய வாசல் இல்ல விளையாட்டுப் போட்டி. பந்தல், பதாகை, தொப்பி, மைதானத்தைச் சுற்றிக் கொடி, ஓடி முடித்த பிள்ளைக்குக் கையில் ஒரு கிண்ணம் இலவச பானம், எல்லாவற்றிலும் ஒரே வர்ணம், ஒரே பெயர். அனுசரணை என்று சொல்கிறோம். பாடசாலைக்குக் கிடைப்பது ஒரு நாள் பந்தல் செலவு. கொடுப்பவருக்குக் கிடைப்பது அதிபரும் ஆசிரியரும் நின்று பார்க்க, பாடசாலையே கையால் கொடுத்ததுபோல, "ஓட்டத்துக்கும் இந்தப் பானத்துக்கும் தொடர்பு உண்டு" என்று ஆயிரம் பிள்ளைகளின் மனதில் பதியும் நினைவு. எந்தத் தொலைக்காட்சியும் இதை விலைக்குத் தராது. தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எத்தனை இறுக்கமான விதி வந்தாலும் இந்த வாசல் திறந்தபடியே இருக்கும். நிறந்தீட்டும் போட்டி, அப்பியாசக் கொப்பி உறை, நேரசூசி அட்டை, முன்பள்ளிக்கு மாதிரிப் பக்கற் எல்லாம் இதன் சின்னப் பிள்ளைகள்.

இதை நிறுத்த முடியாது என்பார்கள். இரண்டு தரம் நிறுத்தியிருக்கிறோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட், மதுபான விளம்பரமும் அனுசரணையும் இந்த நாட்டில் தடை. அதற்காக எந்த விளையாட்டுப் போட்டியும் நின்றுபோகவில்லை. அதற்கும் முன்பே, 1981இல் வந்த தாய்ப்பால் பதிலீடுகளின் சந்தைப்படுத்தல் பற்றிய சர்வதேசக் கோவையை இலங்கை தன் கோவையாக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போத்தல்பால் விளம்பரம் இல்லை, தாதிக்கு அன்பளிப்பு இல்லை, தாய்க்கு மாதிரி டின் இல்லை. ஆறு மாதக் குழந்தையின் வாய்க்கு முன்னால் வியாபாரிக்குக் கோடு போட்ட அதே அரசு, ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அந்தக் கோட்டை அழித்துவிடுவது என்ன நியாயம்?

சிலி நாடு 2016இல் சீனி, உப்பு, கொழுப்பு, கலோரி கூடிய பக்கற்றுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைப் போட வைத்தது. அத்தகைய பக்கற்றில் கார்ட்டூனும் இலவச விளையாட்டுப் பொருளும் கூடாது, பாடசாலைக்குள் விற்கவும் கூடாது. உலகப் புகழ் பெற்ற தானிய உணவுப் பெட்டிகளிலிருந்து புலியும் முயலும் காணாமல் போயின. கம்பனிகள் நாட்டை விட்டுப் போகவில்லை, பெட்டியைத்தான் மாற்றின. உலக சுகாதார நிறுவனமும் 2010இல் மெதுவாகப் பரிந்துரைத்ததை 2023இல் இறுக்கமாகச் சொன்னது: தயாரிப்பாளர் தாமாகக் கட்டுப்படுவதாகக் கொடுக்கும் வாக்குறுதி போதாது, சட்டம் வேண்டும், அது எல்லா வயதுப் பிள்ளைகளையும் காக்க வேண்டும். எங்கள் பார்வையும் அதுவே. தன்னிச்சையான உறுதிமொழியில் "12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி" என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் பார்ப்பதோ அம்மாவோடு இருந்து இரவு நாடகம், அண்ணனின் கைத்தொலைபேசியில் யூடியூப்.

கொழும்பில் சட்டம் வரும்வரை திருகோணமலை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விளம்பரப் பலகைக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி தேவை. பாடசாலை, முன்பள்ளி வாசலிலிருந்து 100 மீற்றருக்குள் சிவப்பு வட்டம் உள்ள உணவு, பானத்தின் பலகைக்கு அனுமதி புதுப்பிக்கப்படாது என்று சபை தீர்மானிக்கலாம். கடைப் பெயர்ப்பலகையும் அதில் அடங்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாம் "பெயர்ப்பலகை" ஆகிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வரும்போது காலாவதித் திகதியை மட்டும் பார்க்காமல் நிறவட்டம் மடிப்புக்குள் போயிருக்கிறதா, விலைச் ஸ்ரிக்கரால் மூடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். உணவுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. விலையிலோ நிறையிலோ கோளாறு என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் யாரும் முறையிடலாம். விலை மாறாமல் பக்கற்றின் நிறை மட்டும் மாதத்துக்கு மாதம் குறைவது சட்டவிரோதமல்ல, ஆனால் பழைய உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

கடைக்காரரைக் குற்றவாளி ஆக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பாலையூற்றிலோ தோப்பூரிலோ ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் வைத்திருக்கும் கடை, பாடசாலை விடும் அரை மணி நேரத்தில்தான் உயிர் வாழ்கிறது. அவருக்கு மாற்றுப் பொருள் வேண்டும், கணக்கும் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலையை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து அவித்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும். 75 கிராம் வீதம் 28 சுருள். முழுவதற்கும் 10 கிராம் உப்பு போதும், தேங்காய்ப்பூவும் வெட்டிய மிளகாயும் தனியாக. ஒரு சுருளில் 7 கிராம் புரதம் கிடைக்கும். கெட்டுப்போவது எங்கே என்றால், சூட்டோடு பிளாஸ்ரிக் பையில் கட்டி வைப்பதில். நம் ஊர் வெக்கையில் அது நண்பகலுக்குள் நுரைத்துப் புளித்துவிடும். நீரை நன்றாக வடித்து, அகலத் தட்டில் ஆறவிட்டு, வலையால் மூடி, நாலு மணி நேரத்துக்குள் விற்றுவிட வேண்டும். சுருள் சுற்ற வெள்ளைத் தாள் பாவியுங்கள். அச்சு மை சாப்பாட்டுக்கு ஆகாது. எங்கள் கடிதம் வந்த பக்கமானாலும் சரி. கௌபி, பயறு, அவித்த சோளம், புழுக்கொடியல், பருவத்தில் பாலைப்பழம், கொய்யா எல்லாம் இதே அரை மணி நேரத்தில் விற்கக் கூடியவையே. சரத்தை முழுவதும் கழற்றச் சொல்லவில்லை. அதை உள்ளே மேல்தட்டுக்கு ஏற்றி, கண்மட்டத்தில் கடலைத் தட்டை வைத்தால் போதும். கேட்டு வாங்க வேண்டிய பொருளைப் பிள்ளை குறைவாகத்தான் கேட்கும்.

விளையாட்டுப் போட்டிக்குப் பானம் வேண்டுமே என்று கேட்கும் பாடசாலைகளுக்கு: 20 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், 600 கிராம் சீனி, 20 கிராம் உப்பு, 35 முதல் 40 தேசிக்காய். 200 மில்லிலீற்றர்க் கிண்ணத்தில் 100 பேருக்கு வரும். கிண்ணத்துக்கு 6 கிராம் சீனி. தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்கவைத்து மூடிவிட வேண்டும். தேசிக்காயை முதல்நாள் பிழிந்தால் கசக்கும், காலையில் பிழியுங்கள். விதை உள்ளே போனாலும் கசக்கும். மீன்வாடியில் வாங்கும் ஐஸ்கட்டியைப் பாத்திரத்துக்குள் போட வேண்டாம், வெளியே சுற்றி வையுங்கள். பந்தலுக்கும் கிண்ணங்களுக்கும் பழைய மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், வங்கி, இரும்புக்கடை என்று கேட்க இடங்கள் உண்டு. யாருடைய பெயரும் வரக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையின் வாய்க்குள் போகும் பொருளின் பெயர் வரக் கூடாது என்கிறோம்.

"பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பதிலுக்கு ஒரு வார்த்தை. அதிகாலையில் வாடிக்குப் போகும் தகப்பனும், வீட்டுவேலைக்கோ வயலுக்கோ போகும் தாயும் பாடசாலை விடும் வேளையில் வாசலில் நிற்க முடியாது. பிள்ளையின் கையில் இருக்கும் சில்லறைக்கு அளவாகவே பக்கற் செய்யப்படுகிறது. பெற்றோர் இல்லாத அந்த இடத்தையும் நேரத்தையும் தேடிப் பிடித்து விற்றுவிட்டு, பிறகு பெற்றோரைப் பொறுப்புச் சொல்லச் சொல்வது முறையல்ல. பையைச் சோதித்துப் பக்கற்றைப் பறித்து வகுப்புக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பிள்ளை இதில் குற்றவாளியல்ல, குறி.

இல்ல விளையாட்டுப் போட்டிகள் முதலாம் தவணையில் நடக்கும் பாடசாலைகளில் அனுசரணைக் கடிதங்கள் முந்திய ஆண்டின் மூன்றாம் தவணை முடிவதற்குள் எழுதப்பட்டுவிடுகின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இதை எடுத்துப் பேசுவதானால் அதற்கு முந்திய கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டும். சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தத்தின் புதுப்பிப்புத் திகதியையும் அதே கூட்டத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிறுவர் ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள சிலர்,
திருகோணமலை.